எம்எஸ் இருக்கும்போது மன அழுத்தம்: இருக்கிற தெம்பை எதில் போடுவது?

எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய்) என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் இலவசமாகத் தருகிற அறிவுரை "டென்ஷன் ஆகாதே" என்பதுதான். நரம்பியல் டாக்டர் சொல்வார், பிசியோதெரபிஸ்ட் சொல்வார், ட்ரிப் போட வரும் நர்ஸ் சொல்வார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடச் சொல்வார். எப்படி ஆகாமல் இருப்பது என்று கேட்டால்தான் ஆளாளுக்கு ஒன்று வரும். யோகா போ, தியானம் பண்ணு, கவுன்சலிங் பார், வேலையை விடு, குலதெய்வம் கோயிலுக்குப் போய்ட்டு வா. எதுவும் தப்பில்லை. ஆனால் இத்தனையும் செய்கிற தெம்பு இருந்தால் நமக்கு அறிவுரையே தேவைப்படாது.

எனக்கு இருப்பது வந்து வந்து போகிற வகை எம்எஸ். மதுரையில் வீடு, கணக்கு எழுதுகிற வேலை. மாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் நெருங்கும்போது இடது பாதம் மரத்துப்போவது எனக்குப் பழகிவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்வது, எதற்குக் காசு செலவழிப்பது, எதை விட்டுவிடுவது என்று யோசித்து யோசித்து, படித்ததையும் செய்து பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியதுதான் இது. எம்எஸ் மருந்தைப் பற்றிய எந்த முடிவையும் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும், அதை இந்தக் கட்டுரையோடு கலக்காதீர்கள்.

முதலில், டென்ஷனால்தான் ரிலாப்ஸ் (நோய் திரும்ப வந்து தாக்குவது) வருகிறதா?

இந்தச் சந்தேகம் புதிதில்லை. 1868இல் பாரிஸில் இந்த நோயைத் தனி நோயாக விவரித்த சார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவரே, நீண்ட நாள் துக்கத்துக்கும் மனவேதனைக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று குறித்திருக்கிறார். நம் காலத்துக்கு வந்தால், நெதர்லாந்தில் 73 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், மனதை உலுக்கும் நிகழ்வு ஒன்று நடந்த அடுத்த 4 வாரங்களில் ரிலாப்ஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. மறு வருடம் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, அதிலும் தொடர்பு தெரிந்தது. 2006 லெபனான் போரின்போது எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்த எம்எஸ் நோயாளிகளுக்கு ரிலாப்ஸ் கூடியதாகத் தனித்தனி ஆய்வுகள் வந்தன. ஆனால் 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேலில் ஏவுகணைகள் விழுந்த நாட்களைப் பற்றிய ஆய்வோ நேர் எதிராக, ரிலாப்ஸ் குறைந்தது என்றது. ஆக, அழுத்தம் கூடினால் நோய் கூடும் என்று நேர்கோடு போட முடியாது. எனக்குத் தோன்றுவது, ஒரேயடியாக வந்து முடிந்துபோகும் பயத்தைவிட மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும் வீட்டுச் சண்டை, கடன், ஆபீஸ் நெருக்கடி மாதிரியானவைதான் நமக்கு ஆகாதவை என்பது.

அந்த 2004 கட்டுரை எழுதியவர்கள் சொன்ன இன்னொன்றைத்தான் வீட்டில் எல்லோருக்கும் படித்துக்காட்ட வேண்டும். தங்கள் முடிவை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஒருவருக்கு வந்த ரிலாப்ஸுக்கு குறிப்பிட்ட இந்தக் கவலைதான் காரணம் என்று சொல்ல முடியாது, நோயாளியே இழுத்துவிட்டுக்கொண்டார் என்று பழிபோடவும் கூடாது என்றார்கள். "நீ கண்டதையும் நினைச்சு நினைச்சுத்தான் வரவழைச்சுக்கிற" என்கிற பேச்சு நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பேச்சே தனி அழுத்தம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. டென்ஷனான வாரத்தில் கை கால் மரத்தால் அது ரிலாப்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தூக்கம் கெட்டது, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், வெயில் இவற்றால் பழைய அறிகுறியே கொஞ்ச நேரம் தலைதூக்கும், உள்ளே புதுச் சேதம் எதுவும் இருக்காது. புது அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நின்று, காய்ச்சலோ தொற்றோ இல்லை என்றால்தான் ரிலாப்ஸ் கணக்கில் சேர்ப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டதிலேயே என் டென்ஷன் கால்வாசி குறைந்தது. இப்போது கால் மரத்தால் முதலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் மற்றதை யோசிப்பேன். அடுத்த நாளும் விடாமல் இருந்தால் டாக்டருக்குப் போன்.

எதை வைத்து ஒப்பிடுவது?

சாதாரண ஆளுக்குச் சொல்கிற "மன அழுத்தம் குறைக்க பத்து வழி" எதுவும் நமக்கு அப்படியே ஒத்துவராததற்குக் காரணம் அசதி. எம்எஸ் அசதி என்பது தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. அதனால் நான் முதலில் பார்ப்பது இது எவ்வளவு தெம்பைத் தின்னும் என்பதைத்தான். அடுத்து, உடம்பைச் சூடாக்குமா என்பது. உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்குப் பார்வை மங்கும், கால் தொய்யும். 1890இலேயே ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. ஜெர்மனிக்கே அப்படியென்றால் மதுரைக் கத்திரி வெயிலுக்கு என்ன சொல்வது. அப்புறம் காசு. கடைசியாக, பலரும் கேட்காத கேள்வி ஒன்று: நிறுத்தினால் என்ன ஆகும்?

இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு வந்தது 2012இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைப் படித்தபோது. 121 எம்எஸ் நோயாளிகளில் பாதிப் பேருக்கு 24 வாரங்களில் 16 முறை, மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சியைத் தனித்தனியாகக் கொடுத்தார்கள். மிச்சப் பேர் காத்திருந்தார்கள். பயிற்சி நடந்த காலத்தில் எம்ஆர்ஐயில் புதிதாகத் தெரியும் அழற்சித் திட்டுகள் பயிற்சி எடுத்தவர்களுக்குக் குறைவாக இருந்தன. வெறும் மனசுக்குச் செய்த சிகிச்சை ஸ்கேனில் தெரிந்தது என்பது பெரிய விஷயம். ஆனால் பயிற்சி முடிந்த பிறகு அடுத்த 24 வாரங்களில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

இதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், எது ரொம்பச் சிறந்தது என்று தேடுவதைவிட எதை மோசமான நாளிலும் விடாமல் செய்ய முடியும் என்று தேடுவதுதான் நமக்கு லாபம். அடுத்து வருகிறதெல்லாம் இந்தக் கண்ணோடு பார்த்ததுதான்.

சுமையைக் குறைப்பது

இதை யாரும் சிகிச்சை என்று சொல்வதில்லை, அதனால் பட்டியலில் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் முதலில் வைப்பேன். தாங்கிக்கொள்ளப் பயிற்சி எடுப்பதற்கு முன்னால், இறக்கி வைக்கக்கூடிய சுமையை இறக்கி வைக்க வேண்டாமா? அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் (அன்றாட வேலைகளை எளிதாகச் செய்யக் கற்றுத்தருகிறவர்கள்) எம்எஸ் நோயாளிகளுக்கு 6 வாரத் தெம்பு சேமிப்பு வகுப்பு நடத்துகிறார்கள், அசதி குறைவதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. உட்கார்ந்து செய்யக்கூடியதை நின்று செய்யாதே, களைப்பாவதற்கு முன்னாலேயே ஓய்வெடு, எது முக்கியமோ அதைத் தெம்பு இருக்கும் நேரத்துக்கு மாற்று என்பதுதான் சாரம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும், நம் சமையலறையில் நுழையும் வரை. மேடை நின்று சமைக்கத்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஜன்னல் சின்னது, அடுப்பு எரியும்போது மின்விசிறி போட முடியாது. காலை ஆறரைக்கு குக்கர், தோசைக்கல், பக்கத்தில் பால் என்று மூன்றும் ஒன்றாக எரியும்போது அங்கே இருக்கிற சூட்டுக்கு என் வலது கண் மங்கத் தொடங்கும், அந்த நேரம் பார்த்து யாராவது டிபன் பாக்ஸ் மூடி எங்கே என்று கேட்டால் கோபம் வருமா வராதா? இதற்குத் தியானம் தீர்வில்லை. உயரமான ஸ்டூல் ஒன்று, காய் முந்தின நாள் ராத்திரி டிவி பார்த்தபடி நறுக்கி டப்பாவில், தோசை இல்லாமல் இட்லி (அடுப்பில் ஏற்றிவிட்டு வெளியே வந்து உட்காரலாம்), இண்டக்‌ஷன் அடுப்பைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றி மின்விசிறிக்குக் கீழே வைப்பது. இவ்வளவு செய்ததில் காலைக் கோபம் போன அளவுக்கு எந்த மூச்சுப் பயிற்சியிலும் எனக்குப் போகவில்லை. "உட்கார்ந்து சமைக்கிறாளாம்" என்று அத்தை ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார், பிறகு அவருக்கே மூட்டுவலி என்று அந்த ஸ்டூலை அவர்தான் அதிகம் பயன்படுத்துகிறார்.

ஆபீஸ் கொஞ்சம் சிக்கலான இடம். சொல்வதா, மறைப்பதா? மறைப்பதற்கே தினமும் தெம்பு செலவாகும், நடை தள்ளாடினால் செருப்பைக் குறை சொல்ல வேண்டும், மருந்து ஏற்றும் நாளுக்குப் பொய்யாக ஒரு கல்யாணம் தேட வேண்டும். சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அரசு வேலையில் இருப்பவருக்குப் பணிக்காலத்தில் ஊனம் வந்தால் அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தனியாரில் காகிதத்தில் இருப்பது ஒன்று, நடப்பது ஒன்று. அதனால் நடுவழியாக, மேலதிகாரி ஒருவரிடம் மட்டும் சொல்லி, நோயின் பெயரைவிட எனக்கு என்ன தேவை என்பதைக் கேட்பது எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. ஏசிக்குப் பக்கத்து இடம், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, கழிவறைக்கு அருகில் மேசை. சிறுநீர் அவசரம் உள்ளவர்களுக்கு இந்தக் கடைசி ஒன்று எத்தனை பெரிய நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஊன சதவீதம் 40 அல்லது அதற்கு மேல் வந்தால் பல சலுகைகள் திறக்கும், சான்றிதழுக்கு அலைவதுதான் தனிக் கொடுமை.

வேலையையே விட்டுவிடு என்பார்கள் சிலர். அவசரப்பட வேண்டாம் என்பேன். மருந்துச் செலவு இருக்கும் வீட்டில் சம்பளம் நின்றால் ஒரு டென்ஷன் போய் இரண்டு டென்ஷன் வரும். நேரத்தைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

தெம்பு செலவு: தொடக்கத்தில் கொஞ்சம், பிறகு மிச்சம்தான். சூடு: குறையும். காசு: ஒரு ஸ்டூல், ஒரு அடுப்பு. நிறுத்தினால்: ஸ்டூல் எங்கும் போகாது. குறை என்னவென்றால் வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைக்காவிட்டால் இது நடக்கவே நடக்காது, அதுவும் பெண்களுக்கு. எம்எஸ் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிற நோய், வருகிற வயது 20க்கும் 40க்கும் நடுவில், அதாவது கல்யாணம், பிரசவம், மாமியார் வீடு எல்லாம் நடக்கிற அதே வயது. யார் சமைப்பது என்ற கேள்வி நம் விஷயத்தில் மருத்துவக் கேள்வியும்கூட.

கவுன்சலிங்

வெளியே இருக்கும் சுமையைக் குறைத்த பிறகும் மண்டைக்குள் ஓடுவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு ஆராய்ச்சி ஆதரவு அதிகம் உள்ள வழி அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் சிபிடி. நம் ஊரில் கவுன்சலிங் என்றால் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து புத்தி சொல்வது என்ற நினைப்பு இருக்கிறது, இது அதில்லை. வீட்டுப்பாடம் உண்டு.

ஒரு உதாரணம். காலையில் எழுந்ததும் பாதம் மரத்திருக்கிறது. நோட்டில் எழுதச் சொல்வார்கள், என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, அதை எவ்வளவு நம்புகிறேன். "இந்த வருஷக் கடைசிக்குள் வீல்சேர்தான்" என்று எழுதி 90 சதவீதம் என்று போட்டேன். அடுத்த கட்டத்தில் அதற்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது. ஆதரவாக: மரத்திருக்கிறது. எதிராக: போன மாதமும் மரத்தது, மத்தியானத்துக்குள் போய்விட்டது, நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, போன ஸ்கேனில் புதுத் திட்டு இல்லை. எழுதி முடித்த பிறகு 90 என்பது 40 ஆனது. பூஜ்யம் ஆகவில்லை, ஆகவும் கூடாது. எம்எஸ் பயம் கற்பனைப் பயம் இல்லையே, கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதுதான். அந்த உண்மைப் பங்கை மறுக்காமல் மிகைப் பங்கை மட்டும் கழிக்கத் தெரிந்த கவுன்சலர் கிடைத்தால் விடாதீர்கள். "பாசிட்டிவா நினைங்க மேடம்" என்று முதல் நாளே சொல்கிறவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

காசுதான் இடிக்கும். பெரிய ஊர்களில் தனியாரிடம் ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சாதாரணம், பதினாறு அமர்வு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் செலவில்லை, ஆனால் வரிசையும் கூட்டமும் உண்டு, அந்த வரிசையில் நிற்பதற்கே தெம்பு வேண்டும். வீடியோ வழி அமர்வு நமக்கென்றே வந்த வசதி என்பேன். பயணம் இல்லை, படி ஏற வேண்டாம், முடியாத நாளில் படுத்துக்கொண்டே பேசலாம். அமர்வுகள் முடிந்த பிறகும் நோட்டுப் பழக்கத்தைத் தொடர முடிகிறது என்பதால் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இது ஓரளவு தாங்குகிறது.

மூச்சும் தியானமும்

விலை மலிவு, சூடு இல்லை, படுத்துக்கொண்டே செய்யலாம். சுவிட்சர்லாந்தில் 150 எம்எஸ் நோயாளிகளை வைத்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், 8 வார மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) எடுத்தவர்களுக்கு மனச்சோர்வும் அசதியும் குறைந்து, 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் மிச்சம் இருந்தது. இது எனக்குப் பிடித்த வழிதான், ஆனாலும் இரண்டு எச்சரிக்கை. உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் கவனி என்று சொல்லும் பயிற்சி, மரத்த காலையும் எரிகிற முதுகையும் தேடித்தேடிக் கவனிக்கிற வேலையாகச் சிலருக்கு மாறிவிடும், அப்படி ஆனால் உடம்பை விட்டுவிட்டு வெளிச் சத்தத்தையோ மூச்சையோ பிடித்துக்கொள்ளலாம். இன்னொன்று, வேகவேகமாக மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதி மாதிரியானவற்றில் எனக்குத் தலைசுற்றலும் உடல் சூடும் வந்தது, அதனால் மெதுவாக வெளிவிடும் மூச்சோடு நிறுத்திக்கொண்டேன். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. பஸ்ஸில், வங்கி வரிசையில், எம்ஆர்ஐ குழாய்க்குள் என்று எங்கும் முடியும்.

யோகாவா, உடற்பயிற்சியா?

அமெரிக்காவின் ஆரிகனில் 69 பேரை வைத்து 2004இல் இதையே நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு கூட்டம் ஐயங்கார் முறை யோகா, ஒரு கூட்டம் நிலையான சைக்கிள் மிதிப்பது, ஒரு கூட்டம் எதுவும் இல்லை. 6 மாதம் கழித்து முதல் இரண்டு கூட்டத்துக்கும் அசதி குறைந்தது, இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை. மனநிலையில் இரண்டிலுமே தெளிவான மாற்றம் தெரியவில்லை. யோகா என்றால் மனசு, சைக்கிள் என்றால் உடம்பு என்று நாம் பிரித்து வைத்திருப்பதை இந்த முடிவு லேசாகக் கலைக்கிறது. அதனால் உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள், பக்கத்தில் இருப்பதைச் செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியது இடமும் நேரமும். காற்றோட்டம் இல்லாத மாடி ஹாலில் நாற்பது பேரோடு சேர்ந்து சூரிய நமஸ்காரம் என்பது நமக்கான ஏற்பாடு இல்லை. காலை ஆறு மணிக்கு முன், மின்விசிறி, கழுத்தில் ஈரத் துண்டு, பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர். பேலன்ஸ் தடுமாறுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் ஆசனங்களைக் கேட்டு வாங்குங்கள், விருட்சாசனம் நின்று காட்டி யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. நீச்சல் ரொம்ப நல்லது என்பார்கள், தண்ணீர் 27 முதல் 29 டிகிரிக்குள் இருந்தால் உண்மைதான், நம் ஊர் திறந்தவெளிக் குளங்களில் மே மாதம் அந்தச் சூட்டை எதிர்பார்க்க முடியாது. அப்புறம், ரிலாப்ஸ் வந்தால் முதலில் விட்டுப்போவது இந்தப் பயிற்சிகள்தான். மன அழுத்தத்துக்கு இதை மட்டுமே நம்பியிருந்தால் மிகவும் தேவைப்படும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. உடம்புக்காக அவசியம் செய்யுங்கள், மனசுக்கு இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை

இங்கேதான் நம்மவர்கள் பின்வாங்குவது. மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்பார்கள், மாத்திரை பழக்கமாகிவிடும், ஏற்கெனவே இவ்வளவு மருந்து. புரிகிறது. ஆனால் எம்எஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய் வருகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன, அதில் மூளையில் நடக்கும் மாற்றத்துக்கே பங்கு உண்டு. அது குணக்கோளாறும் இல்லை, மனதிடம் போதாததும் இல்லை. டென்ஷன் என்பது ஒன்று, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லாமல், தூங்கவும் முடியாமல், அழுகையும் வராமல் கிடப்பது வேறொன்று. இரண்டாவதற்கு ஸ்டூல் போதாது.

மனச்சோர்வு வந்த 63 எம்எஸ் நோயாளிகளை வைத்து 2001இல் வெளியான ஒப்பீட்டில் சிபிடி, செர்ட்ராலின் மாத்திரை, மனதைக் கொட்டிப் பேசும் குழுச் சிகிச்சை மூன்றையும் 16 வாரம் கொடுத்தார்கள். முதல் இரண்டும் மூன்றாவதைவிட நன்றாக வேலை செய்தன. ஆக, அடிக்கடி போய்வர முடியாதவருக்கு, கவுன்சலர் இல்லாத ஊரில் இருப்பவருக்கு மாத்திரை ஒன்றும் இரண்டாம் தர வழி இல்லை. பலன் தெரிய சில வாரம் ஆகும், தானாக நிறுத்தக் கூடாது. நரம்பு வலியும் சேர்ந்து இருந்தால் டுலோக்சிடின் மாதிரி இரண்டுக்கும் உதவுகிற மருந்தும் உண்டு. ஃபிங்கோலிமோட் என்ற எம்எஸ் மருந்து எடுப்பவர்களுக்குச் சில மனநல மருந்துகளோடு சேர்ந்தால் இதயத் துடிப்பில் சிக்கல் வரலாம், அதனால் இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். ரிலாப்ஸுக்கு ஸ்டிராய்டு ட்ரிப் ஏறும் நாட்களில் தூக்கம் போய் எரிச்சலும் படபடப்பும் வந்தால் அது பெரும்பாலும் மருந்தின் வேலை. வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அந்த வாரத்தில் சொத்துப் பேச்சு, சம்பந்தப் பேச்சு எதுவும் வேண்டாம்.

உயிரோடு இருந்து என்ன என்கிற எண்ணம் வருகிறது என்றால் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம், அன்றைக்கே 14416 கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் எண், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

நம்மைப் போன்றவர்களோடு பேசுவது

மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1985இல் தொடங்கியது, சென்னையிலும் கிளை இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வில் குழுச் சிகிச்சை பின்தங்கியது உண்மை, ஆனால் அது மனச்சோர்வு நோய்க்கு. கடைக்கோடி ஊரில் எம்எஸ் என்றால் என்ன என்று டாக்டருக்கே விளக்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, பொண்ணு பார்க்க வருகிறவர்களிடம் நோயைப் பற்றி எப்போது சொன்னாய், குழந்தை பெற்ற பிறகு மருந்தை எப்போது தொடங்கினாய் என்று கேட்க ஒரு ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல். வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் கொஞ்சம் எட்டி நில்லுங்கள். ஒருவருடைய மோசமான ஸ்கேன் ரிப்போர்ட் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து விழுந்தால் உங்கள் தூக்கம் போச்சு. நான் அறிவிப்பை அணைத்துவிட்டு வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

கோயில், பாட்டு, பேரப்பிள்ளை, நாய்க்குட்டி எல்லாம் கேள்வி கேட்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எம்எஸ்ஸையே வேரோடு எடுக்கிறேன் என்று லேகியம் கொடுத்து, இங்கிலீஷ் மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடம் ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள். நடாலிசுமாப், ஃபிங்கோலிமோட் போன்ற எம்எஸ் மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பி அடிக்கலாம். மனசு அமைதிக்கு என்று பலர் எடுக்கும் அஸ்வகந்தாவில்கூடக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, நம் மருந்துகள் சிலவும் கல்லீரலைத்தான் தொடும். டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம்.

சரி, யாருக்கு எது?

இப்போதுதான் எம்எஸ் என்று தெரிந்திருக்கிறது, கூகுளில் தேடித்தேடிப் பயம் தலைக்கேறியிருக்கிறது என்றால் கவுன்சலிங்கில் தொடங்குங்கள், கூடவே எம்எஸ் உள்ள ஒருவரோடு பேச்சு. ரொம்ப நாளாக இருக்கிறது, பயம் பழகிவிட்டது, ஆனால் வீடும் ஆபீஸும் சேர்ந்து பிழிகின்றன என்றால் கவுன்சலர் காசை மிச்சம் பிடித்து அந்தக் காசில் பாத்திரம் கழுவ ஆள் வையுங்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். அசதிதான் எல்லாவற்றுக்கும் மேல் என்றால் தெம்பு சேமிப்பும் மெதுவான உடற்பயிற்சியும், அதோடு தூக்கம், ரத்தசோகை, தைராய்டு இதையெல்லாம் டாக்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும். மனச்சோர்வு என்று சந்தேகம் வந்தால் மனநல மருத்துவர், தள்ளிப்போடாமல். மூச்சுப் பயிற்சி எல்லோருக்கும், ஏனென்றால் செலவில்லை, ஆனால் அது ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் சமையலறைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். ஒன்றைப் பிடித்து இரண்டு மாதம் பார்த்துவிட்டு அடுத்தது. அடுத்த எம்ஆர்ஐக்குத் தேதி குறித்திருந்தால், அந்த வாரத்துக்கு மட்டும் இப்போதே செய்யக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. ரிப்போர்ட்டை யார் படிப்பது, டாக்டரை என்றைக்குப் பார்ப்பது என்று முன்னாலேயே முடிவு செய்து, ஸ்கேனுக்கு மறுநாளே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். ஸ்கேன் சென்டர் வாசலில் கவரைப் பிரித்து, புரியாத நாலு வரியை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கள் வரை உழல்வதை அந்த ஒரு போன் கால் தவிர்த்துவிடும்.